உடன் வருபவர் கவனத்துக்கு

பதினொன்று பத்து. திருத்திய மென்பொருள் பில்டு ஆகி முடிய இருபத்திரண்டு நிமிடம் ஆகும். எப்போதும் அவ்வளவுதான். கீழே போய் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம், ஆனால் எழுந்தால் ஜெரால்டு பார்த்துவிடுவான், டீம் லீட் என்றால் கழுத்து எந்நேரமும் நாற்காலிக்கு மேலே நீண்டிருக்க வேண்டும் என்று அவனுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், பார்த்தால் என்னாச்சு வாசுகி என்பான், சரியாயிடுச்சு என்பேன், எதனால என்பான். எதனால் என்றால் என்னால். அதை இருபத்திரண்டு நிமிடம் தள்ளிப்போடுகிறேன், வேறொன்றுமில்லை. ஏ.சி. நேராகக் கழுத்தில் இறங்குகிறது. திரையில் பச்சைக் கோடு நான்கு சதவீதம். காலை ஒன்பதரைக்கு வந்த புகார் இன்னும் பக்கத்து ஜன்னலில் திறந்தே கிடக்கிறது, மூட மனம் வரவில்லை. நாங்கள் ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கும் சின்னக் கம்பெனி, மொத்தம் இருபது பேர், புகார்கள் பெரும்பாலும் பிரின்டர் வேலை செய்யவில்லை என்றுதான் வரும். இது அவிநாசியிலிருந்து ஒரு பெண் போனில் சொன்னது, ஆஸ்பத்திரி வரவேற்பில் இருந்தவள் ஒரு எழுத்துகூட மாற்றாமல் தட்டி அனுப்பியிருக்கிறாள். எங்க மாமனார் தவறி நாப்பது நாளாச்சுங்க, நேத்து சாயங்காலமும் உங்க ஆஸ்பத்திரியிலிருந்து மெசேஜ் வந்திருக்குது, நாளைக்குப் போர்வை எடுத்துட்டு வரச்சொல்லி, யாருக்குங்க போத்தறது? யாருக்குங்க போத்தறது. ஜெரால்டு அதைப் படித்துவிட்டு அய்யய்யோ என்றான், பிறகு, எத்தன பேருக்குப் போயிருக்குன்னு பாரு, சத்தமில்லாம சரி பண்ணிடு என்றான். பார்த்தேன். நாற்பத்து மூன்று. எண்ணிக்கை மட்டும்தான் பார்த்தேன், பட்டியலைத் திறக்கவில்லை. எண்ணிக்கையே போதுமாக இருந்தது.

ஏழு சதவீதம். கம்பைலர் என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வது நான் நான்கு வருடம் முன்பு எழுதிய ஆயிரத்துச் சொச்சம் வரி. கடிதத்தின் அச்சை மேலிருந்து கீழே படிக்கும், இன்னாருக்கு இது போகட்டும், இன்னாருக்கு இது வேண்டாம் என்று பிரிக்கும், அவ்வளவுதான் அதன் ஜோலி. டயாலிசிஸ் நோயாளிகளுக்குக் கைபேசியில் போகும் கடிதத்தின் உச்சியில் ஒரு நிபந்தனை அடையாளம் இருக்கிறது, நோயாளி நடப்பில் இருந்தால். கடைசியில் இன்னொன்று, முடிந்தது. ஆஸ்பத்திரி யாரையும் இறந்தவர் என்று எழுதாது, நடப்பில் இல்லை என்று எழுதும். நடப்பில் இல்லையென்றால் இரண்டுக்கும் நடுவில் உள்ளதை எல்லாம் தாண்டிவிட வேண்டும், வெறுங்கடிதம், வெறுங்கடிதத்தை அனுப்ப மாட்டோம், கதை முடிந்தது. ஆனால் நடுவில் சாப்பாட்டுக் குறிப்பு என்று ஒரு துண்டு இருக்கிறது. அது எங்கள் எழுத்து இல்லை, உணவு ஆலோசகருடையது, எட்டு மாதம் முன்பு வந்து சேர்ந்தது, அதற்குள்ளேயும் சர்க்கரை இருந்தால், முடிந்தது என்று அவர்களுடைய சொந்த அடையாளங்கள் உண்டு, அவற்றைப் பிரித்துப் பார்ப்பது வேறொரு இயந்திரத்தின் வேலை, நாம் கை வைக்கக் கூடாது. அதனால் அந்தத் துண்டின் இரு பக்கமும் மேற்கோள் மாதிரி வேலி கட்டி, இதை அப்படியே விடு என்று எழுதி வைத்தேன். உயிரோடு இருப்பவர்களுக்கு என் கம்பைலர் அந்த வேலியைப் பார்க்கும், உள்ளே இருப்பது வேறொருவர் பேச்சு என்று மரியாதையாகத் தொடாமல் கடந்துபோகும். எத்தனை தடவை சோதித்தோம், ஒரு பிசகு இல்லை. சோதித்ததெல்லாம் உயிரோடு இருப்பவர்களை வைத்து. இறந்தவர் என்றால் அது தாண்டுகிறது, தாண்டும்போது எதையும் படிக்காதே, முடிந்தது என்ற வார்த்தையை மட்டும் தேடு, கண்டதும் நில் என்று எழுதியிருக்கிறேன், வேகத்துக்காக. வேலி கண்ணில் படாது, வேலிக்குள் இருக்கிறோம் என்பதே தெரியாது, சாப்பாட்டுக் குறிப்புக்குள் சர்க்கரைக்காரர்களுக்காக யாரோ எழுதிய முடிந்தது என்பதைப் பார்த்ததும், ஆகா முடிந்துவிட்டது என்று நின்றுவிடும், அங்கிருந்து மிச்சத்தை எல்லாம் அச்சடிக்கும். கடைசியில் நிஜமான முடிந்தது வரும்போதாவது, இதற்கு ஜோடியைக் காணோமே என்று கத்தியிருக்க வேண்டும். கத்தாதே, பேசாமல் விடு என்றும் நானே எழுதியிருக்கிறேன், தொல்லை வேண்டாம் என்று. யார் எழுதியது என்று கேட்டால் இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

மிச்சம் என்பது நான்கு வரி. உடன் வருபவர் கவனத்துக்கு. காலை ஏழரை மணிக்குள் வரவும். ஒரு போர்வை, ஒரு டம்ளர் எடுத்து வரவும். ஒருவர் மட்டும் போதும், வாசலில் இந்தச் செய்தியைக் காட்டவும். பெயர் கிடையாது, பெயரெல்லாம் மேலே தாண்டிய பகுதியில் போய்விட்டது. நோயாளி இல்லாத கடிதம், உடன் வருபவருக்கு மட்டும். ஜெரால்டு டீ வாங்கிக் கொண்டுவந்து என் மேஜையில் வைக்கிறான், கேட்காமலே, நல்லவன்தான், கழுத்து மட்டும்தான் நீளம். குடி வாசுகி, மூஞ்சியே சரியில்ல என்கிறான். பதினெட்டு சதவீதம். தாண்டும்போது படிக்காதே, முடிவை மட்டும் தேடு. யாரைப் பார்த்து எழுதினேன் அதை? கண்ணாடியைப் பார்த்துத்தான். அம்மாவின் கடைசி ஒன்றரை வருடத்தை நான் அப்படித்தான் தாண்டினேன், இப்போது சொன்னால் என்ன, மனசுக்குள்தானே சொல்கிறேன். திங்களும் வியாழனும் நான்கு மணி நேரம் அம்மா டயாலிசிஸ் கட்டிலில் கிடப்பாள், ஒரு கையில் குழாய், மறு கையில் போன், உடன் வருபவர் வெளியே உட்கார வேண்டும் என்பதால் அப்பா வெளியே, உள்ளே பேச ஆளில்லாமல் என்னைக் கூப்பிடுவாள். நான் ஹெட்போனை ஒரு காதில் மாட்டிக்கொண்டு புரோகிராம் எழுதுவேன், ம், ம், அப்படியா, ம். நர்ஸ் புதுசு, பக்கத்துக் கட்டில் சுலைகாம்மா நோன்பு இருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி அழுதது, கேன்டீன் உப்புமா, எல்லாம் காதோரம் போய்க்கொண்டே இருக்கும், ஒரே ஒரு வார்த்தைக்குத்தான் நான் காது கொடுத்திருப்பேன். சரி அம்மிணி, வெக்கட்டுமா. அது வந்தால் முடிந்தது. அதற்காகக் காத்திருப்பேன், வந்ததும் சரிம்மா என்று வைப்பேன். பெற்ற தாயின் பேச்சில் முடிவு எங்கே என்று மட்டும் தேடிக்கொண்டிருந்தவள் நான். எனக்கு வெட்கமாக இருக்கிறது, வெட்கம் என்பதுகூடக் கொஞ்சம் மரியாதையான வார்த்தை.

கடைசி வியாழன். அம்மா சுலைகாம்மாவின் மகனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள், பெங்களூரில் இருக்கிறான், அவளுடன் வர யாரும் கிடையாது, டம்ளரில் தண்ணீர் பிடித்துக் கொடுக்கக்கூட ஆள் இல்லை, ஒரு போன் வரும், அதுவும் என்ன போன் என்கிறாய், அந்தம்மா ரெண்டு வார்த்தை பேசறதுக்குள்ள அவன், சரிம்மா வெக்கட்டுமாங்கறான். அப்போது நான் எதையோ திருத்திக்கொண்டிருந்தேன், எதை என்று இப்போது நினைவில்லை, அவ்வளவு முக்கியமான வேலை அது. வெக்கட்டுமா காதில் விழுந்தது. சரிம்மா, வெய்யுங்க என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். வைத்த பிறகு ஒரு நொடி, என்னவோ பொருந்தவில்லையே என்று தோன்றியது, அது அம்மா சொன்னதில்லையே, அந்தப் பையன் சொன்னதை அல்லவா அம்மா சொன்னாள் என்று. திரும்பக் கூப்பிடலாம் என்று நினைத்தேன். மீட்டிங் இருந்தது. அம்மாவும் கூப்பிடவில்லை, அன்றிரவு நான் வீடு வருவதற்குள் தூங்கியிருந்தாள். வெள்ளி முழுக்கக் காய்ச்சல், வாய் திறக்கவில்லை, சனிக்கிழமை காலை போய்விட்டாள். மூன்று மாதமாக அந்த வாக்கியத்தின் மறு பாதியை நானே எழுதிப் பார்க்கிறேன். அவன் வெக்கட்டுமாங்கறான், நீ அப்படியில்ல கண்ணு என்று சொல்ல வந்திருப்பாளா. சொல்ல வந்தவளின் முகத்துக்கு நேராக வைத்துவிட்டேனா. அல்லது, நீயும் அப்படித்தான் என்று சொல்ல வந்தாளா. இரண்டில் எது என்றாலும் என்னால் தாங்க முடியவில்லை. முப்பத்து நான்கு சதவீதம். டீ ஆறி ஆடை கட்டிவிட்டது.

பட்டியலைத் திறந்துவிடலாம். எத்தனை நேரம் எண்ணிக்கையையே பார்த்துக்கொண்டிருப்பது. அனுப்பிய எண், நோயாளியின் வயது, ஊர், நடப்பில் இல்லாமல் போன தேதி. அறுபத்தெட்டு, எழுபத்தொன்று, ஐம்பத்து நான்கு, ஒன்பது. ஒன்பது வயது. ஊர் தாராபுரம் பக்கம். வாரம் இரண்டு முறை அந்தக் குழந்தையின் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ போர்வை எடுத்து வா என்று போயிருக்கிறது, பதினோரு தடவை, அவர்கள் ஒரு தடவைகூடப் புகார் செய்யவில்லை. ஏன் செய்யவில்லை என்று யோசிக்க எனக்குத் தைரியம் இல்லை, கீழே இறக்குகிறேன், எழுபத்தாறு, நாற்பத்தெட்டு, அறுபத்து மூன்று. அறுபத்து மூன்று, தேதி, எண். எண்ணின் கடைசி நான்கு இலக்கம் நாலு நாலு ஏழு ஒன்று. எனக்கு அந்த எண்ணை மனப்பாடமாகத் தெரியும். ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று தொடர்புக்கு யார் நம்பர் என்று கேட்டார்கள், என் நம்பரைக் கொடுக்க வாயெடுத்து, மீட்டிங்கில் இருப்பேனே என்று அப்பாவின் நம்பரைக் கொடுத்தேன். காலையிலிருந்து நாற்பத்து மூன்று, நாற்பத்து மூன்று என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன், அம்மா போய்வந்த ஆஸ்பத்திரியின் கடிதம்தான் என்று தெரியும், அம்மா நடப்பில் இல்லை என்று தெரியும், இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. மறுபடியும் தாண்டித்தான் போயிருக்கிறேன். இருபத்தாறு தடவை போயிருக்கிறது. இன்று காலை ஏழரைக்கும் சேர்த்து.

ஒயர் கூடை. திங்களும் வியாழனும் காலை ஆறரைக்கு அப்பா ஒயர் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்புவார், எங்கே என்று நான் கேட்டதில்லை, பஸ் ஸ்டாண்டுக்குத்தான் போகிறார் என்று நானே முடிவு செய்துகொண்டேன், முப்பத்தோரு வருடம் அங்கே டைம்கீப்பராக இருந்த மனுஷன், பழைய ஆட்களைப் பார்க்கப் போவார், நல்லதுதான், மனசு தேறுகிறது என்று என் கணவரிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டேன். கொடியில் அம்மாவின் நீலப் போர்வை. திங்களும் வியாழனும் சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழையும்போது அது துவைத்துக் காய்ந்துகொண்டிருக்கும், அம்மா இருந்த நாளில் காய்ந்த மாதிரியே, நான் அதன் அடியில் குனிந்து உள்ளே போவேன், இது ஏன் வாரம் இரண்டு முறை நனைகிறது என்று ஒரு நாள் கேட்டிருந்தால் என்ன. எழுதிப்போட்ட நேரத்தை மீறத் தெரியாதவர் அப்பா. ஏழரை என்றால் ஏழேகாலுக்கு நிற்பார். யாருக்குப் போத்தினார்? அய்யோ, யாருக்குப் போத்தினீர்கள் அப்பா மூன்று மாதமாக? புத்தி பிசகிவிட்டதோ அவருக்கு, அம்மா உள்ளே இருக்கிறாள் என்று வெளியே உட்கார்ந்திருக்கிறாரோ. ஐம்பத்தாறு சதவீதம்.

நிறுத்து என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் பில்டு நிற்கும், ஒரே ஒரு வரி சேர்க்கலாம், எண் இது என்றால் மட்டும் பழையபடி அனுப்பு, யாருக்குத் தெரியப்போகிறது, நாற்பத்திரண்டு வீட்டில் நின்றுவிடும், ஒரு வீட்டுக்கு மட்டும் வரும், திங்களும் வியாழனும் அவர் கிளம்பிப் போக ஒரு காரணம் இருக்கும். இந்தச் செய்தியைக் காட்டினால்தான் வாசலில் காவலாளி உள்ளே விடுவான். நின்றுவிட்டால் அவருக்கு அந்தக் கதவும் கிடையாது, பிறகு வீட்டில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார், மற்ற நாட்களில் அப்படித்தான் இருக்கிறார், சாப்பிடக் கூப்பிட்டால்கூட மணியைப் பார்த்துவிட்டுத்தான் எழுகிறார். அழுத்து. ஒரு வரிதானே. செத்தவளைப் பொய்யாக உயிரோடு வைக்க ஒரு வரி, உன்னால் முடியாதா, இதைவிடப் பெரிய அசிங்கமெல்லாம் எழுதியிருக்கிறாய். அறுபத்தைந்து. விரல் பொத்தான்மேல் இருக்கிறது. அப்பாவைக் கேட்காமல் அப்பாவுக்காக இன்னொரு நிபந்தனை. கைபேசியை எடுத்துவிட்டேன், எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை, மணி அடிக்கிறது, ஐந்தாவது மணியில் எடுக்கிறார். சொல்லு அம்மிணி. எங்கிருக்கறீங்கப்பா? ஆஸ்பத்திரிலதான், இன்னிக்கு வியாழக்கெழமையல்ல. குரலில் ஒரு கலக்கமும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. அப்பா, அந்த மெசேஜ் தப்பா வந்ததுங்கப்பா. நான் எழுதுனதுல தப்பு. அம்மாவைக் கூப்பிடறதுக்காக வந்ததில்ல, அம்மா... அம்மா இல்லீங்கப்பா. சொல்லி முடிக்கும்போது என் குரல் உடைந்துவிட்டது, ஜெரால்டு எழுந்து நின்றுவிட்டு, என்ன நினைத்தானோ, திரும்பி உட்கார்ந்துகொண்டான்.

அப்பாவுக்குப் பின்னால் ஒரு ட்ராலி உருளும் சத்தம். பிறகு, அவ போனது எனக்குத் தெரியாதா அம்மிணி, தோள்ல தூக்கிட்டுப் போனவன் நானில்லையா என்றார். மேல அவ பேரே இல்ல, அப்பவே தெரிஞ்சுபோச்சு, எங்கியோ பிசகியிருக்குதுன்னு. ஆனா உடன் வருபவர்னு போட்டிருந்துது பாரு. அது நாந்தானே. போகாம எப்படி இருக்கறது? மொதல் நாளு சும்மா வந்து வெளிய உக்காந்திருந்தேன். உள்ளாற சுலைகாம்மா தண்ணி தண்ணின்னு கேட்டுட்டு இருந்துது, யாரும் இல்ல, நர்ஸம்மா பாவம் ஒருத்தி எத்தன பேரப் பார்ப்பா, என்னைக் கூப்பிட்டு டம்ளரக் குடுத்துச்சு. அந்தம்மாவுக்குக் குளிரு வேற. அப்பறம் திங்கக்கெழம போர்வையோட வந்தேன். அவ்வளவுதான். நான் மேஜைமேல் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதேன், ஆபீஸ் என்றும் பார்க்கவில்லை. எண்பத்தொன்று சதவீதம் இருக்கும், பார்க்கவில்லை. இனிமே மெசேஜ் வராதுங்கப்பா, நிறுத்தப் போறேன், நிறையப் பேருக்குப் போகுது, ஒரு சின்னக் குழந்தை வீட்டுக்குக்கூடப் போகுது. அப்பா உடனே சொன்னார், நிறுத்திரு, நிறுத்திரு, மொதல்ல அத நிறுத்து. பிறகு மெதுவாக, அப்ப எனக்கு இதுதான் கடைசி ட்ரிப்பு என்றார். வாட்ச்மேன் இனி விடமாட்டாரு. அந்தம்மாகிட்ட இன்னிக்கே சொல்லிப்போடறேன். ஒரு சர்வீஸ் நிக்கறதுன்னா முன்னாடியே சொல்லோணும் அம்மிணி, சொல்லாம நிறுத்துனா ஆளு ஸ்டாண்டுல நின்னுட்டே இருக்கும். அவர் குரல் அந்த இடத்தில் கொஞ்சம் கம்மியது. மூன்று மாதத்தில் அவர் குரல் கம்மி நான் கேட்டது அப்போதுதான். சுலைகாம்மாவுக்கு உடன் வருபவர் நம்பர்னு உங்க நம்பரைப் போடச் சொல்லிப் பார்க்கலாமாப்பா என்றேன். அது அந்தப் பையன் சொல்லோணும், நாம சொல்லக் கூடாது, கேட்டுப் பார்க்கறேன் என்றார்.

பச்சைக் கோடு நிரம்பிவிட்டது. வெளியிடவா என்று திரை கேட்டது. இடது கையால் ஆம் என்று அழுத்தினேன். நாற்பத்து மூன்று வீட்டுக்கும் ஏன் வந்தது, யாருடைய தவறு என்று என் பெயர் போட்டு எழுத வேண்டும், ஜெரால்டு வேண்டாம் என்பான், இருந்தாலும் எழுத வேண்டும், ஆனால் அது அப்புறம். அப்பா சொன்னார், சரி அம்மிணி, உனக்கு வேலையிருக்கும், வெக்கட்டுமா?

வெக்காதீங்கப்பா என்றேன். அம்மா அன்னிக்கு சுலைகாம்மா பையனைப் பத்தி ஏதோ சொல்லிட்டிருந்தாங்க, நான் பாதியில வெச்சுட்டேன், உங்களுக்குத் தெரியுமா? தெரியலையே கண்ணு என்றார், அவ எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையே. சரி, நீங்க சொல்லுங்கப்பா, அவங்க பையன் எப்படி, என்ன பேசுவான், எல்லாம் சொல்லுங்க. எல்லாமா என்று கேட்டுவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார், அந்தச் சத்தம் கேட்டது. ஹெட்போனை இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டேன். அந்தப் பையனின் பெங்களூர் வாடகையிலிருந்து ஆரம்பித்து அப்பா ரொம்ப நேரம் சொன்னார். நடுவில் இரண்டு முறை, அவன் இப்படித்தான் சரிம்மா வெக்கட்டுமாம்பான் என்றார். நான் வைக்கவில்லை.